இலக்கணம் சரிதான், கேள்வி எங்கே?

கேள்வி: ஒரு தயாரிப்பு நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். சமீபத்தில் குழுத் தலைவர் ஆக்கினார்கள். வேலை எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. நேரில் பேசச் சொன்னாலும் தயக்கமில்லை. மெயில் எழுத உட்கார்ந்தால்தான் அரை மணி நேரம் போய்விடுகிறது. அவ்வளவு யோசித்து அனுப்பியும் பாதி மெயில்களுக்குப் பதிலே வருவதில்லை. வந்தாலும், “இதில் நான் என்ன செய்யணும்?” என்று ஒரு வரிதான் வருகிறது. போன வாரம் என் மேலாளருக்கு அனுப்பிய மெயில் ஒன்றை இணைத்திருக்கிறேன். இலக்கணமும் சொல்வளமும் கற்றுக்கொள்ள எந்த மாதிரி வகுப்பில் சேரலாம்? இல்லையென்றால் ஏஐ-யிடம் கொடுத்தே எழுதி வாங்கிவிடலாமா? – கொள்முதல் பிரிவு வாசகி

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மெயிலை இரண்டு முறை படித்தேன். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லை. சொற்களுக்கும் பஞ்சமில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் அதிகம். அதனால் வகுப்புப் பேச்சை ஓரமாக வைத்துவிட்டு மெயிலைப் பார்ப்போம். மற்ற வாசகர்களுக்காக அதை இங்கே தருகிறேன்.

பொருள்: பேரிங் தொடர்பாக

“மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடந்த 4ஆம் தேதி தங்களிடம் பேசியபடி, மூன்றாவது லைனுக்கான பேரிங் ஆர்டர் குறித்து சப்ளையரைத் தொடர்பு கொண்டேன். முதலில் 12ஆம் தேதி அனுப்புவதாகச் சொன்னார்கள். பின்னர் ஃபோனில் விசாரித்தபோது இறக்குமதியில் தாமதம் ஏற்பட்டுள்ளதாகத் தெரிவிக்கப்பட்டது. மீண்டும் மெயில் அனுப்பியதில் 26ஆம் தேதிதான் சரக்கு வரும் என்று பதில் கிடைத்தது. ஸ்டோர்ஸில் கேட்டபோது இருப்பு 18ஆம் தேதி வரை வரும் என்றார்கள். இதற்கிடையே வேறொரு சப்ளையரிடம் விசாரித்ததில், 11ஆம் தேதிக்குள் ஆர்டர் கொடுத்தால் 16ஆம் தேதி தர முடியும் என்றும், விலை 9 சதவீதம் கூடுதலாக இருக்கும் என்றும் தெரிய வருகிறது. இது குறித்துத் தங்கள் மேலான கருத்தை எதிர்நோக்குகிறேன். தங்கள் தகவலுக்காகவும் தேவையான நடவடிக்கைக்காகவும் பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்.”

இதில் எல்லாத் தகவலும் இருக்கிறது. ஆனால் அவை எந்த வரிசையில் உங்களுக்குத் தெரிய வந்தனவோ, அதே வரிசையில் இருக்கின்றன. 4ஆம் தேதி பேசினீர்கள், ஃபோன் செய்தீர்கள், மெயில் போட்டீர்கள், ஸ்டோர்ஸுக்குப் போனீர்கள். நீங்கள் நடந்த பாதை முழுவதையும் மேலாளரையும் நடக்க வைக்கிறீர்கள். அவரோ இரண்டு மீட்டிங்குகளுக்கு நடுவே, கையிலிருக்கும் ஃபோனில் இதைத் திறக்கிறார். திரையில் முதலில் தெரிவது நல விசாரிப்பு. அடுத்து, அவருக்கு ஏற்கெனவே தெரிந்த 4ஆம் தேதிப் பேச்சு. ‘சரி, ஃபாலோ-அப் நடக்கிறது, அப்புறம் நிதானமாகப் பார்க்கலாம்’ என்று மூடி வைக்கிறார். உற்பத்தி லைன் நிற்கப் போகிறது என்பது அவருக்குத் தெரியாது. நீங்களும் அதைச் சொல்லவில்லை. இருப்பு 18 வரை, சரக்கு 26 அன்று என்ற இரண்டு தேதிகளைச் சொல்லிவிட்டு, கழித்துப் பார்க்கும் வேலையை அவரிடம் விட்டுவிட்டீர்கள்.

இதையே நான் இப்படி மாற்றுவேன்.

பொருள்: மூன்றாவது லைன் பேரிங் – மாற்று சப்ளையரிடம் வாங்க 11ஆம் தேதிக்குள் ஒப்புதல் தேவை

“ஐயா, வணக்கம். மூன்றாவது லைனுக்கான பேரிங்கை இந்த ஒரு முறை மட்டும் மாற்று சப்ளையரிடம் வாங்கலாம் என்பது என் கருத்து. இதற்கு உங்கள் ஒப்புதல் வேண்டும். 11ஆம் தேதி மாலைக்குள் சொன்னால் 16ஆம் தேதி சரக்கு வந்துவிடும்.

நம் இருப்பு 18ஆம் தேதி வரைதான் வரும். வழக்கமான சப்ளையர் 26ஆம் தேதிதான் தருவார். அதுவரை காத்திருந்தால் லைன் ஒரு வாரம் நிற்கும். மாற்று சப்ளையரின் விலை 9 சதவீதம் அதிகம். இரண்டு கொட்டேஷன்களையும் இணைத்திருக்கிறேன்.”

அளவு குறைந்துவிட்டது. ஆனால் சுருக்கம் இங்கே பெரிய விஷயம் இல்லை. முன்பு உங்கள் மெயிலில் இல்லாத ஒன்று இப்போது இருக்கிறது. ‘என் கருத்து’ என்பதுதான் அது. எட்டு இடத்தில் விசாரித்து, கணக்குப் போட்டு, மாற்று வழியையும் கண்டுபிடித்தது நீங்கள். ‘இதை வாங்கிவிடலாம்’ என்று மனதுக்குள் முடிவும் செய்திருப்பீர்கள். எழுதும்போது மட்டும் அதை மென்று விழுங்கிவிட்டு, ‘தங்கள் மேலான கருத்து’ என்று ஒதுங்கிக்கொண்டீர்கள். உங்கள் அரை மணி நேரம் எங்கே போகிறது என்பதற்கும் இதுதான் விடை என்று நினைக்கிறேன். சொற்கள் கிடைக்காமல் நீங்கள் திணறவில்லை. சொல்லவா வேண்டாமா என்ற தயக்கத்திலேயே நேரம் போகிறது. குழு உறுப்பினராக இருந்தவரை தகவலைத் திரட்டிக் கொடுத்தால் போதும். குழுத் தலைவரிடம் பரிந்துரையையும் எதிர்பார்ப்பார்கள். மேலாளர் அதை ஏற்காமல் போகலாம், அது அவர் உரிமை. ஆனால் ‘வேண்டாம்’ என்று சொல்லவாவது அவருக்கு முன்னால் ஒரு முடிவு இருக்க வேண்டுமல்லவா?

என் திருத்தத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த மாற்று சப்ளையரிடம் இதற்கு முன் வாங்கியிருக்கிறீர்களா, அவர்கள் சரக்கைத் தரப் பிரிவு பார்த்ததா என்பது உங்கள் மெயிலில் இல்லை. மேலாளர் கேட்கப்போகும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். அதற்கான பதிலை ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள். படிப்பவரின் முதல் கேள்விக்கு மெயிலிலேயே பதில் இருந்தால், ஒரு நாள் மிச்சமாகும். மூன்றாவது நான்காவது கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே பதில் எழுத வேண்டாம். மெயில் பெருப்பதே அப்படித்தான்.

கேட்க வந்தது உள்ளே புதைந்துபோனால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய அளவில் ஓர் உதாரணம் இருக்கிறது. 1977 செப்டம்பரில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள டேவிஸ்-பெஸ்ஸி அணுமின் நிலையத்தில் ஒரு வால்வு திறந்தபடியே சிக்கிக்கொண்டது. நிலைமையைத் தவறாகக் கணித்த ஆபரேட்டர்கள், உலைக்கு அவசரமாகத் தண்ணீர் செலுத்தும் அமைப்பை இடையில் நிறுத்திவிட்டார்கள். உலை அப்போது குறைந்த திறனில் ஓடிக்கொண்டிருந்ததால் பாதிப்பில்லை. உலையை வடிவமைத்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் நிறுவனத்தின் பொறியாளர்கள் இதைக் கவனித்து, ஆபரேட்டர்களுக்குப் புதிய அறிவுறுத்தல் அனுப்ப வேண்டும் என்று 1977 நவம்பரிலும் 1978 பிப்ரவரியிலும் உள்ளுக்குள் மெமோ எழுதினார்கள். விஷயம் மேஜை மேஜையாக நகர்ந்தது. 1978 ஆகஸ்டில் வேறொருவர் எழுதிய மெமோ, சில கேள்விகளுக்கு விளக்கம் கேட்கும் தொனியில் இருந்தது. பெற்றுக்கொண்டவர் அதை வழக்கமான விசாரணையாக எடுத்துக்கொண்டு தனக்குக் கீழே இருந்தவர்களிடம் தள்ளிவிட்டார். அறிவுறுத்தல் போகவே இல்லை. 1979 மார்ச் 28 அன்று பென்சில்வேனியாவின் த்ரீ மைல் ஐலேண்ட் அணுமின் நிலையத்தில், அதே நிறுவனம் வடிவமைத்த உலையில், அதே வகை வால்வு சிக்கியது. அங்கேயும் ஆபரேட்டர்கள் தண்ணீரைக் குறைத்தார்கள். உலையின் மையப்பகுதி ஓரளவு உருகிவிட்டது. அந்த விபத்துக்கு வேறு பல காரணங்களும் உண்டு. மெமோவின் தலையில் எல்லாப் பழியையும் போட முடியாது. ஆனால் ‘இதை உடனே அனுப்புங்கள்’ என்று எழுதுவதும் ‘இதுபற்றி விளக்கம் தேவை’ என்று எழுதுவதும் ஒன்றல்ல. இரண்டாவதற்குக் கீழே நடவடிக்கை என்ற ஒன்று இருப்பதே வெளியே தெரியாது.

எழுதத் தொடங்கும் முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். ‘இதைப் படித்து முடித்ததும் அவர் என்ன செய்ய வேண்டும்?’ என்பதை ஒரு வாக்கியமாக எழுதுங்கள். ‘ஒப்புதல் தர வேண்டும்.’ ‘இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டும்.’ ‘ஒன்றும் செய்ய வேண்டாம், தெரிந்திருந்தால் போதும்.’ மூன்றாவதாக இருந்தால் அதையும் முதல் வரியிலேயே சொல்லிவிடலாம், நிம்மதியாகப் படிப்பார். அந்த வாக்கியம் அமையவில்லை என்றால் மெயில் எழுதும் நேரம் இன்னும் வரவில்லை. முதலில் யாரிடமாவது பேசித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அமைந்துவிட்டால் அதுவே முதல் வரி. அதைச் சுருக்கினால் பொருள் வரி.

பொருள் வரியைப் பலரும் கடைசியில் அவசரமாக நிரப்புகிறார்கள். ‘பேரிங் தொடர்பாக’ என்ற தலைப்பில் உங்கள் மேலாளரின் பெட்டியில் எத்தனை மெயில்கள் கிடக்கும் என்று யோசியுங்கள். இரண்டு மாதம் கழித்து நீங்களே தேடினாலும் கிடைக்காது. இன்னொரு கெட்ட பழக்கம், பழைய மெயில் ஒன்றுக்கு ‘ரிப்ளை’ கொடுத்து அதிலேயே புது விஷயத்தை எழுதுவது. போன மாத விடுமுறைப் பட்டியலின் கீழே இன்றைய விலைப் பேச்சு ஒளிந்துகொள்ளும். விஷயம் மாறினால் புது மெயில், புதுத் தலைப்பு.

அடுத்து, உங்கள் மெயிலில் ‘தெரிவிக்கப்பட்டது’ என்று ஒரு வார்த்தை இருக்கிறது. யார் தெரிவித்தார்கள்? சப்ளையரின் விற்பனை மேலாளரா, ஃபோனை எடுத்த யாரோ ஒருவரா? அலுவலக எழுத்தில் இந்த ‘பட்டது’வுக்குத் தனி மவுசு. முடிவெடுக்கப்பட்டது, பரிசீலிக்கப்படும், கவனத்தில் கொள்ளப்படும் என்று எழுதினால் யாருடைய பெயரும் வராது, யாரும் மாட்டிக்கொள்ள மாட்டார்கள். வேலையும் நடக்காது. ஆளைச் சொல்லவே கூடாத இடங்களும் உண்டு. குழுவில் ஒருவர் செய்த பிழையைப் பத்துப் பேருக்குப் போகும் மெயிலில் பெயர் போட்டு எழுதுவது அநாகரிகம். ‘இன்வாய்ஸில் எண் தவறிவிட்டது, திருத்தி அனுப்பியிருக்கிறோம்’ என்றால் போதும். ஆனால் இனிமேல் நடக்க வேண்டிய வேலை என்றால் பெயரும் தேதியும் இல்லாமல் விடாதீர்கள்.

தேதி என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. ‘கூடிய சீக்கிரம்’, ‘வாரக் கடைசிக்குள்’ என்பதெல்லாம் ஆளுக்கு ஓர் அர்த்தம். நீங்கள் வெள்ளி மாலை என்று நினைப்பீர்கள், அவர் ஞாயிறு இரவு என்று எடுத்துக்கொள்வார். வெளிநாட்டு சப்ளையர்களுக்கு எழுதும்போது 05/06 என்று எண்ணாக மட்டும் போடவே போடாதீர்கள். அமெரிக்காவில் அது மே 6, உலகின் பெரும்பாலான இடங்களில் ஜூன் 5. மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதினால் முடிந்தது. நேரம் குறிக்கும்போது எந்த நாட்டு நேரம் என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

பணிவு பற்றி. ‘பணிவுடன் சமர்ப்பிக்கிறேன்’, ‘தங்கள் மேலான’ போன்றவற்றை நான் வெட்டியதைப் பார்த்து, மொட்டையாக இருக்கிறதே, மரியாதைக் குறைவாகத் தெரியாதா என்று தோன்றலாம். ‘ஐயா, வணக்கம்’ அப்படியே இருக்கிறது. ‘உங்கள் ஒப்புதல் வேண்டும்’ என்பதில் அதிகாரம் எதுவும் இல்லை. முடிவு உங்களுடையது என்பதை அதுவே சொல்லிவிடுகிறது. ஒருவரின் நேரத்தை வீணாக்காமல் இருப்பதைவிட அலுவலகத்தில் பெரிய மரியாதை எனக்குத் தெரிந்து கிடையாது. 1940 ஆகஸ்டில், போர் உச்சத்தில் இருந்தபோது, பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில் அரசுத் துறைகளுக்கு ஒரு குறிப்பு அனுப்பினார். அறிக்கைகள் தேவைக்கு மேல் நீளமாக இருக்கின்றன, முக்கிய விஷயங்களைச் சிறு சிறு பத்திகளாகத் தாருங்கள், விரிவான அலசலையும் புள்ளிவிவரங்களையும் பின்னிணைப்பில் வையுங்கள், வெறுமனே இடத்தை நிரப்பும் தொடர்களை எடுத்துவிடுங்கள் என்பதே அதன் சாரம். பிரதமருக்கு எழுதுகிறோம் என்பதற்காக அதிகாரிகள் சேர்த்த ஜோடனைகளைத்தான் பிரதமரே வேண்டாம் என்றார்.

பதில் வராத மெயில்களுக்கு நினைவூட்டல் அனுப்புவீர்கள் அல்லவா? ‘கீழே உள்ள மெயிலைப் பார்க்கவும்’ என்ற ஒற்றை வரியோடு ஃபார்வர்டு செய்யாதீர்கள். முதல் முறை கீழே போய்ப் பார்க்காதவர் இரண்டாம் முறை மட்டும் ஏன் போகப் போகிறார்? கேள்வியை மறுபடி முழுதாக மேலே எழுதுங்கள்: ‘மாற்று சப்ளையருக்கு ஆர்டர் கொடுக்கலாமா? இன்று மாலை 5 மணிக்குள் தெரிந்தால்தான் 16ஆம் தேதி சரக்கு கிடைக்கும்.’ ஃபோனிலிருந்தே ‘சரி’ என்று ஒரு சொல்லில் அவர் பதில் போட்டுவிடலாம். அப்படியும் அசைவில்லை என்றால் எழுந்து போய்ப் பேசுங்கள், அல்லது ஃபோன் செய்யுங்கள். லைன் நிற்கப்போகும் விஷயத்துக்கு மூன்றாவது நினைவூட்டல் மெயில் என்பது வேலை அல்ல, தற்காப்பு. பேசி முடிவானதும், ‘நாம் பேசியபடி இன்று ஆர்டர் கொடுத்துவிட்டேன்’ என்று இரண்டு வரி அனுப்பி வையுங்கள். பேச்சு காற்றில் போய்விடும், அது பதிவாக நிற்கும். வாட்ஸ்அப்பில் முடிவான விஷயத்துக்கும் இதையே செய்யுங்கள்.

நினைவூட்டலில் மேலாளரின் மேலாளரை சிசி-யில் சேர்க்கும் யோசனை வரும். அது தகவல் கொடுப்பதாகாது, கோள் சொல்வதாகத்தான் படும். வேறு வழியே இல்லை என்றால், ‘இதை அவர் கவனத்துக்குக் கொண்டு போகப் போகிறேன்’ என்று முதலில் இவரிடம் நேரில் சொல்லிவிட்டுச் சேர்க்கலாம்.

கெட்ட செய்தி சொல்லும் மெயில்களில் எல்லோருக்குமே கை தடுமாறும். சரக்கு வராது, பணம் தாமதம், கணக்கு தவறு. காரணங்களை வரிசையாக அடுக்கிக் கடைசியில் செய்தியைச் சொன்னால் அதிர்ச்சி குறையும் என்று நினைக்கிறோம். படிப்பவரோ முதல் காரணத்திலேயே ஏதோ சரியில்லை என்று மோப்பம் பிடித்துவிடுவார். அப்புறம் ஒவ்வொரு வரியும் எரிச்சல்தான். ‘சரக்கு 16ஆம் தேதி வராது, 20ஆம் தேதிதான் வரும். அதுவரை இரண்டாவது லைனின் இருப்பிலிருந்து எடுத்துச் சமாளிக்கலாம், ஸ்டோர்ஸிடம் பேசிவிட்டேன்’ என்று தொடங்குங்கள். காரணம் அதற்குப் பிறகு, சுருக்கமாக. கோபத்தில் எழுதும் மெயில் என்றால் ‘டூ’ பெட்டியைக் காலியாக வைத்துக்கொண்டு எழுதுங்கள். கை தவறி அழுத்தினாலும் போகாது. மறுநாள் காலை படித்துப் பார்த்து, அதில் ஏதாவது கேட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.

ஏஐ பற்றிக் கேட்டிருந்தீர்கள். பயன்படுத்தலாம், ஆனால் எழுதி வாங்க அல்ல. ‘பேரிங் தாமதம் பற்றி மேலாளருக்கு மெயில் எழுது’ என்று சொன்னால், நல விசாரிப்பும் நன்றி நவிலலும் சேர்த்து, நீங்கள் இப்போது எழுதுவதைவிட நீளமாகத்தான் பெரும்பாலும் தரும். உங்கள் பரிந்துரை என்ன என்பது அதற்குத் தெரியாது. தெரியாததை மழுப்பலாக நிரப்பிவிடும். மாறாக, நீங்கள் எழுதி முடித்ததைக் கொடுத்து, ‘இதைப் படிப்பவர் என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள்?’ என்று கேளுங்கள். அது தடுமாறினாலோ தவறாகச் சொன்னாலோ, மேலாளரும் தடுமாறுவார் என்று வைத்துக்கொள்ளலாம். எழுத்துப்பிழை பார்க்கவும் உதவும். தேதியும் தொகையும் மாறாமல் இருக்கின்றனவா என்பதை மட்டும் நீங்களே சரிபாருங்கள். சப்ளையரின் விலையையும் கொட்டேஷனையும் அதில் ஏற்றுவதற்கு முன் நிறுவனத்தில் அதற்கு அனுமதி உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கொள்முதல் பிரிவில் இருப்பவருக்கு அதை நான் விளக்க வேண்டியதில்லை.

கடைசியாக வகுப்பு. எளிய மொழியில் எழுதுவதற்கென்றே 2023இல் ஐஎஸ்ஓ ஒரு சர்வதேசத் தரநிலை வெளியிட்டிருக்கிறது. அதன் அடிப்படை நான்கு கேள்விகள்தான்: படிப்பவருக்குத் தேவையானது இதில் இருக்கிறதா, அதை எளிதில் கண்டுபிடிக்க முடிகிறதா, கண்டுபிடித்தது புரிகிறதா, புரிந்ததை வைத்து வேலை செய்ய முடிகிறதா. இலக்கணமும் சொற்களும் மூன்றாவது கேள்விக்குள் அடங்கிவிடும். உங்களுக்கு மூன்றாவதில் குறையில்லை. இரண்டாவதும் நான்காவதும்தான் இடிக்கின்றன. வகுப்பில் சேர்ந்தே தீர வேண்டும் என்றால், பாடம் நடத்துபவர் உங்கள் சொந்த மெயில்களை எடுத்துத் திருத்துவாரா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அதற்கு முன், ‘சென்ட்’ பெட்டிக்குப் போய்ப் பதிலே வராத மெயில்கள் சிலவற்றைத் திறங்கள். ஒவ்வொன்றிலும் கேள்வி எந்த வரியில் இருக்கிறது என்று தேடி, அந்த வரியை வெட்டி மேலே ஒட்டுங்கள். அதை மட்டும் செய்தாலே மீதியில் எதை வெட்டலாம் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடும். கேள்வியே அகப்படாத மெயில் ஒன்றிரண்டு தேறினால், அவற்றை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம். சப்ளையர் பெயரையும் விலையையும் மட்டும் அழித்துவிட்டு.